அனல் இறங்கும் நேரம்

ஏப்ரல் 16ஆம் தேதி வாக்கில், கடிகாரம் ஏறத்தாழ 12.17 காட்டும்போது, மதுரையில் நேராக நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது. சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இன்னொரு முறை இது நடக்கும். அறிவியல் இயக்கத்தினர் பள்ளிப் பிள்ளைகளை மைதானத்தில் கூட்டி ‘நிழலில்லா நாள்’ என்று காட்டுவது இதைத்தான். அதே நேரத்தில் மொட்டை மாடியில் நடப்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றும். தெளிந்த வானத்தில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. 1000 சதுர அடித் தளம் என்பது 93 சதுர மீட்டர். தொண்ணூறு இஸ்திரிப் பெட்டிகளைச் சுடவைத்து மாடி முழுக்கப் பரப்பி வைத்த கணக்கு அது.

வட இந்திய நகரங்களில் ஆண்டின் பல மாதங்கள் வெயில் சாய்வாக வந்து சுவரையும் சன்னலையும் நன்றாகத் தாக்கும். நிலநடுக்கோட்டுக்கு 10 டிகிரி வடக்கே இருக்கும் மதுரையில் வெயிலின் பெரும் பங்கு கூரைக்குத்தான். ஐந்தாறு அங்குலக் கான்கிரீட் தளம் அந்த வெப்பத்தைக் குடித்துக்கொண்டு உடனே கீழே விடாது. மெல்லக் கடத்தி, நான்கைந்து மணி நேரம் கழித்து அடிப்பக்கத்துக்கு அனுப்பும். நண்பகல் வெயில் வீட்டுக்குள் வந்து சேருவது மாலையில். அலுவலகம் முடிந்து, கடையை அடைத்து, பள்ளி விட்டு எல்லோரும் வீட்டுக்குள் கூடுகிற நேரமும் அதுதான். மே மாதத்து இரவு எட்டு மணிக்கு மேல்மாடி வீட்டில் நின்றுகொண்டு கையை உச்சந்தலைக்கு மேல் தூக்கினால் உள்ளங்கையில் சூடு தெரியும். வெளியே காற்று இதமாகத் தொடங்கியிருக்கும், உள்ளே மட்டும் ‘மேலேயிருந்து அனல் இறங்குது’ என்பார்கள். அது துல்லியமான இயற்பியல்.

ஸ்மார்ட் வீடு என்ற பேச்சை மதுரையில் இந்த எட்டு மணியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். விளம்பரங்களில் அது வேறு இடத்தில் தொடங்குகிறது. போனைத் தட்டினால் திரை விலகும், விளக்கு நிறம் மாறும், ஆபீஸிலிருந்து கிளம்பும்போதே ஏசி ஓடத் தொடங்கும். இவற்றில் தவறில்லை. ஆனால் வீட்டில் இருப்பவர்களின் உடம்புக்கு எது சுகம் தரும் என்ற கேள்வியை முதலில் கேட்டால், கருவிகளின் வரிசையே மாறிப்போகும்.

உடம்பின் சுகத்தை அளக்க முடியுமா? டென்மார்க்கைச் சேர்ந்த பொறியாளர் ஃபாங்கர் 1970இல் வெளியிட்ட நூலில் அதற்கு ஆறு காரணிகளைச் சொன்னார். காற்றின் வெப்பநிலை, சுற்றியுள்ள பரப்புகள் வீசும் கதிர்வெப்பம், காற்றோட்டம், ஈரப்பதம், உடுத்திய துணி, செய்யும் வேலை. சுவரில் மாட்டிய வெப்பமானி இந்த ஆறில் ஒன்றைத்தான் சொல்கிறது. அறைக்காற்று 30 டிகிரிதான் இருக்கும், ஆனால் கூரையின் அடிப்பக்கம் 38, 39 டிகிரியில் இருந்தால் அந்தக் கூரை அகச்சிவப்புக் கதிராக உடம்பின் மேல் வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கும். ஏசி குளிர்விப்பது முதலில் காற்றை. அதனால்தான் மேல்தளத்து அறைகளில் ஏசியை 20இல் வைத்தும் ஒரு புழுக்கம் தீராமல் இருப்பதும், அணைத்த அரை மணியில் அறை மறுபடி சூடாவதும்.

ஆகவே முதல் செலவு கூரைக்கு. இதற்கு மின்னணுக் கருவி எதுவும் தேவையில்லை. செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து கான்கிரீட்டுக்கு மேல் இறுக்கி, அதற்கு மேல் தட்டோடு பதிக்கும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. நீர்க்கசிவுக்காகச் செய்ததாக நினைக்கிறோம். அது வெப்பத்தையும் தடுத்தது. இன்று செலவைக் குறைக்க அதை விட்டுவிட்டு வெறும் சிமெண்ட் பூச்சோடு நிறுத்துகிறார்கள். குடியிருப்புகளுக்காக மத்திய அரசு 2018இல் கொண்டுவந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு, கூரை வழியே ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளத்தில் கடப்பது அதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதித்தாலும், அதற்கு வசதி இல்லாதவர்கள் ஆண்டுக்கொரு முறை சுண்ணாம்பு அடித்தாலும், வெயிலில் பெரும் பகுதி வானத்துக்கே திரும்பிப் போய்விடும். அகமதாபாத்திலும் ஐதராபாத்திலும் குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளை அடித்துப் பார்த்து, பலன் தெரிந்த பிறகு தெலங்கானா அரசு 2023இல் அதை ஒரு கொள்கையாகவே அறிவித்தது.

சூரியத் தகடு வைத்தவர்களுக்கு இன்னொரு லாபம் உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துச் சான் டியேகோ வளாகத்தில் அகச்சிவப்புக் கேமராவால் அளந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், தகடுகளுக்குக் கீழுள்ள உட்கூரை பகலில் சுமார் 3 டிகிரி செல்சியஸ் குளிர்ந்திருந்தது. மின்சாரம் தருகிற தகடு நிழலும் தருகிறது. மத்திய அரசு 2024இல் தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. தகட்டை மாடியின் எந்த மூலையில் வைப்பது என்று யோசிப்பவர்கள், நிழல் விழாத இடங்களில் படுக்கையறைக்கு மேலுள்ள இடத்தைக் கேட்டு வாங்கலாம்.

கூரை சரியான பிறகுதான் உணர்விகளுக்கு வேலை. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் தீப்பெட்டி அளவுக் கருவிகள் இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. இரண்டு வாங்கினால் போதும். ஒன்றைப் படுக்கையறையில், ஆள் படுத்திருக்கும் உயரத்தில் வையுங்கள். மற்றொன்றை வெளியே, வெயிலே படாத வடக்குச் சுவரில். இந்த இரண்டு எண்களின் வித்தியாசம்தான் மதுரை வீட்டில் மிகவும் பயனுள்ள தகவல். கோடையில் பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே 39, உள்ளே 35 என்றிருக்கும். மாலை கடக்கக் கடக்க வெளி எண் வேகமாக இறங்கும், உள் எண் அசையாது. எட்டு, எட்டரை மணி வாக்கில் இரண்டும் சந்திக்கும். அதன் பிறகு விடிய விடிய வெளியேதான் குளிர்ச்சி. அதிகாலையில் 26, 27 வரை இறங்கும் அந்தக் காற்று காசில்லாமல் கிடைக்கிறது. நாமோ கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கே சன்னலைச் சாத்திவிடுகிறோம்.

செய்ய வேண்டியது எளிது. சன்னல்களுக்குக் கொசுவலைச் சட்டம். மாடிப்படியின் உச்சியில், தலையறையில், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். வெளி வெப்பம் உள் வெப்பத்தைவிட இரண்டு டிகிரி குறைந்ததும் அந்த ஃபேன் தானே ஓட வேண்டும், காலையில் வெளி எண் மேலே ஏறத் தொடங்கியதும் தானே நிற்க வேண்டும். மணிக்கு 1000 கன மீட்டருக்கு மேல் காற்றை வெளியேற்றும் 12 அங்குல ஃபேன், பழைய குண்டு பல்பு ஒன்று இழுத்த அளவு கரண்டில் ஓடும். இரவெல்லாம் குளிர்ந்த காற்று சுவர்களையும் தளத்தையும் தடவிப் போனால், மறுநாள் பகலில் அந்தச் சுவர்கள் நமக்காக வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். காலை எட்டரை மணிக்கு ‘சன்னலைச் சாத்தவும்’ என்று போனில் ஒரு செய்தி வந்தால் போதும், மோட்டார் வைத்த சன்னல் வேண்டியதில்லை.

இந்த வேலையைப் பழைய வீடுகளில் முற்றம் செய்தது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியைச் சேர்ந்த சுந்தரராஜா உள்ளிட்ட ஆய்வாளர்கள் நாகப்பட்டினத்துப் பழைய வீடுகளுக்குள் கருவிகளை வைத்து அளந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், வெளி வெப்பம் நாள் முழுக்க ஏறி இறங்கினாலும் முற்றத்து வீடுகளின் உள்ளே அந்த ஏற்ற இறக்கம் மிகவும் அடங்கியிருந்தது தெரிந்தது. முற்றம் வைக்க மூன்று சென்ட் மனையில் இடமில்லை. தலையறை எக்ஸாஸ்ட் ஃபேனும் இரண்டு உணர்விகளும் அதன் வேலையில் ஒரு பகுதியையாவது எடுத்துச் செய்யும்.

ஈரப்பத எண்ணும் வேலை செய்யட்டும். சித்திரை வெயிலில் வெளிக்காற்று 38 டிகிரி, ஈரப்பதம் 35 சதவீதம் என்றால், ஏர் கூலர் அதை 29, 30க்குக் கொண்டுவந்துவிடும். மேற்கேயிருந்து வறண்ட ஆடிக்காற்று வீசும் வரை கூலர் நல்ல துணை. ஐப்பசி, கார்த்திகையில் ஈரப்பதம் 80ஐத் தொடும்போது அதே கூலர் ஓடினால் மேலெல்லாம் பிசுபிசுக்கும், சுவரில் பூஞ்சை பிடிக்கும். கூலருக்குள் தண்ணீர் பம்ப் தனி, ஃபேன் தனி. 60 சதவீதத்தைத் தாண்டினால் பம்ப்பை மட்டும் நிறுத்தும் சிறு ரிலே ஒன்று இந்தச் சங்கடத்தைத் தீர்த்துவிடும்.

எத்தனை டிகிரி நமக்குச் சுகம் என்பதையும் நம் ஊர் ஆட்களிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் சென்னை உட்பட ஐந்து நகரங்களில் 16 அலுவலகக் கட்டடங்களில் 6,330 பதில்களைத் திரட்டி ஒரு இந்தியக் கணக்கை உருவாக்கியது. ஏசி இல்லாத, சன்னல் திறக்கும் கட்டடமென்றால், கடந்த 30 நாட்களின் சராசரி வெளிவெப்பத்தை 0.54ஆல் பெருக்கி 12.83ஐக் கூட்ட வேண்டும். மே மாதத்து மதுரையின் சராசரி 32 என்று வைத்துக்கொண்டால் விடை 30 வரும். பருவத்துக்குப் பழகிய நம் உடம்புக்கு 30 டிகிரி இதமாகவே இருக்கிறது. குளிர்நாட்டு அளவுகோலை வைத்துக்கொண்டு ஏசியை 20க்கு இறக்குவது உடம்பு கேட்டதில்லை. பிஇஇ என்று நாம் அறிந்த ஸ்டார் முத்திரை தரும் மத்திய அமைப்பு, 2020 ஜனவரி முதல் விற்கும் அறை ஏசிகள் 24இல்தான் தொடங்க வேண்டும் என்று விதித்தது. ஒவ்வொரு டிகிரி ஏற்றிவைக்கும்போதும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு.

அந்த டிகிரிகளை ஏற்ற ஃபேன் துணை வேண்டும். உடம்பின் மேல் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் காற்று பட்டால் ஏறத்தாழ 3 டிகிரி குறைந்தது போல உணர்வோம். ஏசி 27, மேலே மெதுவாக ஓடும் ஃபேன் என்பது 24க்குச் சமம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2019இல் திறந்த ஒரு முழுக் கட்டடமே இந்த முறையில் இயங்குகிறது. மிதமாகக் குளிர்வித்த காற்றையும் கூரை விசிறிகளையும் சேர்த்து, சூரிய மின்சாரத்துக்குள்ளேயே தன் தேவையை அடக்கிக்கொள்கிறது.

இந்த விசிறிப் புரட்சியில் நமக்கும் பங்கு உண்டு. கோயம்புத்தூரின் வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 2012இல் 35 வாட்டில் ஓடும் சூப்பர்ஃபேனைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டுதான் தமிழ்நாட்டின் மாவட்டங்கள் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் கட்டில் தவித்தன. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத ஈபி கணக்கில் பழைய ஃபேனுக்கு 67 யூனிட், புதியதுக்கு 32 யூனிட்டுக்குள் அடங்கும். மூன்று ஃபேன் உள்ள வீட்டில் அந்த மிச்சமே 100 யூனிட்டைத் தாண்டும். பிஎல்டிசி என்று கடைகளில் சொல்லும் இந்த ஃபேன்களுக்குள் ஏற்கெனவே ஒரு சிறு கணிப்பொறி இருப்பதால், வேகத்தை நுணுக்கமாகக் கட்டுப்படுத்தலாம். தூங்கும்போது உடல் வெப்பம் மெல்ல இறங்கி, அதிகாலை நான்கைந்து மணிக்கு மிகக் குறைவாக இருக்கும். அறையும் அப்போதுதான் குளிர்ந்திருக்கும். இரவு பத்து மணிக்கு வைத்த ஐந்தாம் எண் வேகம் அந்த நேரத்தில் குழந்தைக்கும் வயதானவருக்கும் நடுக்கம் தரும். யாராவது ஒருவர் தூக்கம் கலைந்து எழுந்து குறைப்பார், பெரும்பாலும் அம்மா. ஒரு மணிக்கு நான்கு, மூன்று மணிக்கு மூன்று, நான்கரைக்கு இரண்டு என்று ஃபேன் தானே இறங்கிக்கொண்டால் அந்த அம்மாவுக்கு முழுத் தூக்கம். ஸ்மார்ட் வீட்டின் பயன்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

தூக்கம் என்றதும் மதுரைக்கு ஒரு பெருமை இருப்பதைச் சொல்லாமல் போக முடியாது. உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைப் பற்றிய உலகத் தரமான ஆய்வு நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகே, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அங்கே விலங்கு நடத்தையியல் பேராசிரியராக இருந்த எம்.கே. சந்திரசேகரன், மாரிமுத்து முதலிய தம் மாணவர்களோடு இலைமூக்கு வௌவால்களைக் குகைக்குள் கூண்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே எட்டாத குகையின் உள்ளே, மற்ற வௌவால்கள் மாலையில் புறப்பட்டு விடியலில் திரும்புவதை உணர்ந்தே கூண்டு வௌவால்கள் நாள்கணக்கைச் சரியாக வைத்திருந்தன. கூட்டமே இல்லாத தனிக்குகையில் வைத்தபோது அவற்றின் கடிகாரம் தன்போக்கில் விலகிப் போனது. 1981இல் வெளியான அந்த ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

பிறகு அவர்கள் மனிதர்களிடம் வந்தார்கள். சன்னல், கடிகாரம், வானொலி எதுவும் இல்லாத அறைகளைப் பல்கலைக்கழக வளாகத்திலேயே அமைத்து, தன்னார்வலர்களைத் தனியே தங்கவைத்தார்கள். வெளியே இரவா பகலா என்று அறிய வழியில்லை. தோன்றும்போது தூங்கலாம், தோன்றும்போது சாப்பிடலாம். விழித்திருக்கும் பொழுது நீள நீள, குறிப்பிட்ட ஒரு கால இடைவெளியை அவர்கள் மனத்தால் மதிப்பிடுவதும் அதற்கேற்ப நீண்டது என்று 1991இல் எழுதினார்கள். வெளியுலகக் குறிப்பு இல்லாவிட்டால் மனிதக் கடிகாரம் 24 மணி நேரத்திலிருந்து விலகும். அதை நாள்தோறும் திருத்தி வைப்பது முக்கியமாக வெளிச்சம்.

எந்த வெளிச்சம் என்பது 2002இல் தெளிவானது. கண்ணின் விழித்திரையில் பார்வைக்கென்று உள்ள செல்கள் தவிர, நேரத்தைச் சொல்லவே சில செல்கள் இருப்பது அப்போது கண்டறியப்பட்டது. அவை நீலம் கலந்த ஒளிக்கு அதிகம் எதிர்வினை புரியும். அந்த ஒளி கண்ணில் பட்டால், தூக்கத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகும். நம் ஹால்களில் இரவு பதினொன்று வரை எரிவது நல்ல வெண்ணீல டியூப் லைட். 6500 கெல்வின் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும். மஞ்சள் வெளிச்சம் என்றால் 2700. மங்கலாக இருக்கிறதே என்று நாம் ஒதுக்குவது இரவுக்கு ஏற்ற ஒளியை. நிறம் மாற்றும் எல்இடி விளக்குகள் உண்மையில் உதவுவது இந்த இடத்தில்தான். படிக்கும் பிள்ளைக்கு மேசை விளக்கு வெள்ளையாக இருக்கட்டும். ஹால் விளக்கு எட்டு மணியிலிருந்து மஞ்சளுக்கு நகர்ந்து, பத்து மணிக்குப் பாதியாக அடங்கினால் வீட்டுக்கே சீக்கிரம் கொட்டாவி வரும்.

காலை வெளிச்சத்துக்கு எந்த விளக்கும் ஈடாகாது. வெயில் ஏறிய காலையில் வாசலில் கிடைக்கும் ஒளி பல்லாயிரம் லக்ஸ், வீட்டுக்குள் டியூப் லைட் தருவது சில நூறு. செய்தித்தாளை வாசல்படியில் உட்கார்ந்து படிப்பவர்கள் அறியாமலே தங்கள் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறார்கள்.

ஏசி வைத்த படுக்கையறைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம் என்றால் 34 கன மீட்டர். அதில் தூங்கும் இரண்டு பேர் மணிக்கு சுமார் 25 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார்கள். காற்றுப் புகாமல் அடைத்த அறையில் அது மணிக்கு 700 பிபிஎம் என்ற வேகத்தில் ஏறும். வெளிக்காற்றில் இருப்பது 420 வாக்கில். இரண்டரை மணி நேரத்துக்குள் 2000ஐத் தாண்டிவிடும். காலையில் எழும்போது தலை கனப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். டென்மார்க்கில் மாணவர் விடுதி அறைகளில் வெளிக்காற்றை உள்ளே விட்டுப் பார்த்த ஆய்வில், தூக்கத்தின் தரமும் மறுநாள் கவனமும் மேம்பட்டன. கரியமில வாயு உணர்வி ஒன்று 1200ஐத் தாண்டும்போது சிறு ஃபேனை ஐந்து நிமிடம் ஓட்டினால் போதும். உணர்வி வாங்க மனமில்லாதவர்கள் கதவடியில் ஓர் அங்குல இடைவெளி விடலாம்.

ஸ்மார்ட் வீட்டுப் படங்களில் சமையலறை தென்படுவதே அரிது. ஆனால் வீட்டிலேயே வெப்பம் மிகுந்த இடம் அது. ஒரு காஸ் பர்னர் சுமார் 2 கிலோவாட் வெப்பம் தரும். இரண்டு பர்னர் எரிய, இட்லிக் கொப்பரையும் சேர்ந்து ஆவிவிட, ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்து ஏறும் அந்த இடத்தில்தான் ஒருவர் காலையில் இரண்டு மணி நேரம் நிற்கிறார். வெயில் நாளில் அந்த இரண்டு மணி நேரம் உடல் உழைப்பும்கூட. வீட்டுக்கு மூன்றாவது உணர்வி வாங்கினால் அது சமையலறைக்குப் போக வேண்டும். ஈரப்பதம் திடீரென்று ஏறும்போதே எக்ஸாஸ்ட் ஓடத் தொடங்கி, அடுப்பு அணைந்த பிறகும் கால் மணி நேரம் ஓடட்டும். நாமோ தாளிப்பு நெடி எழுந்த பிறகுதான் சுவிட்சைத் தேடுகிறோம்.

தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021 கணக்கீட்டில் 13.6 சதவீதம், கேரளத்துக்கு அடுத்த இடம். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ இருக்க, பெற்றோர் இருவர் மட்டும் இருக்கும் வீடுகள் கே.கே. நகரிலும் திருநகரிலும் தெருவுக்குத் தெரு உண்டு. முதுமையில் தாக உணர்வு குறையும், வியர்வையும் குறையும். வெப்பம் ஏறுவதை உடம்பு தாமதமாகத்தான் சொல்லும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்தப் பேரிடர் வீட்டுக்குள்ளும் நிகழ்கிறது, பகலில் மட்டுமின்றி அனல் இறங்கும் இரவிலும். அறை வெப்பம் 35ஐத் தாண்டி இரண்டு மணி நேரம் நின்றால் மகளின் போனுக்கு ஒரு செய்தி போகட்டும். ‘அப்பா, தண்ணி குடிச்சீங்களா, ஹாலுக்கு வந்து படுங்க’ என்று அவள் சொல்ல அது போதும். 40 டிகிரிக்கு மேல் ஃபேன் காற்று உடம்பைச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது, அப்போது ஈரத்துணியும் ஏசி உள்ள அறையுமே துணை.

இரவில் கழிவறைக்கு எழும்போது தடுமாறி விழுவதுதான் முதியோருக்கு இன்னொரு பெரிய ஆபத்து. கட்டிலடியில் ஆளசைவு உணர்வி ஒன்றும், கழிவறை வரை தரையோரமாக மங்கிய மஞ்சள் விளக்கும் இருந்தால் கால் தரையில் பட்டதும் வழி தெரியும், கண் கூசாது, தூக்கமும் முழுதாகக் கலையாது. சிங்கப்பூரின் ஜூரோங் ஈஸ்டில் உள்ள யூஹுவா அரசுக் குடியிருப்பில், முதியோர் வீடுகளில் கேமரா இல்லாமல் அசைவு உணர்விகளை மட்டும் வைத்து, வழக்கமான நடமாட்டம் காணாவிட்டால் உறவினருக்குச் சொல்லும் முறையைச் சோதித்தார்கள். அந்த வரம்பு சரியானது. படுக்கையறையில் கேமரா வைப்பதை நான் ஏற்கமாட்டேன், அது பாசத்தினாலேயே ஆனாலும். வீட்டுக்குள் நடக்கும் அசைவுகளின் பதிவு வெளிநாட்டுச் சர்வருக்குப் போக வேண்டிய தேவையும் இல்லை. ஹோம் அசிஸ்டன்ட் போன்ற திறந்த மூல மென்பொருள்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு கணினியில் ஓடும், இணையம் இல்லாவிட்டாலும் ஓடும்.

ஓட வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் கரண்ட் போகும். பல ஸ்மார்ட் பல்புகள் கரண்ட் திரும்பியதும் முழு வெளிச்சத்தில் எரியும்படி தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டு வருகின்றன. மூன்று மணிக்குப் போன கரண்ட் மூன்றரைக்கு வந்தால், படுக்கையறை பளீரென்று விழித்துக்கொள்ளும். செயலியில் ‘பழைய நிலைக்குத் திரும்பு’ என்ற அமைப்பைத் தேடி மாற்ற வேண்டும். ரவுட்டரையும் அந்தச் சிறு கணினியையும் இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுவரிலுள்ள சுவிட்ச் எப்போதும் வேலை செய்ய வேண்டும். போன் இல்லாத தாத்தா சுவிட்சைத் தட்டி விளக்குப் போட முடியாத வீட்டை நான் ஸ்மார்ட் என்று சொல்லமாட்டேன்.

இதெல்லாம் நகரத்து வசதி என்று மேலூர், வாடிப்பட்டிக்காரர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. தானியங்கியைப் பல காலமாகப் பயன்படுத்தி வருபவர்கள் அவர்கள்தான். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும் மோட்டாரைத் தானே கிளப்பும் ஆட்டோ ஸ்டார்ட்டர், கிணற்றில் தண்ணீர் வற்றினால் நிறுத்தும் காவல், மிஸ்டு கால் கொடுத்தால் ஓடும் மொபைல் ஸ்டார்ட்டர் எல்லாம் அந்த வயல்களில் பழகிப்போனவை. கருவி நம் பாட்டை உண்மையிலேயே குறைத்தால் அதற்கு விளம்பரம் வேண்டாம். அந்த ஸ்டார்ட்டர்களைப் பழுது பார்க்கும் எலக்ட்ரீஷியன்களே எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் உணர்வி வைத்துத் தர முடியும்.

ஒத்தக்கடையிலும் ஊமச்சிகுளத்திலும் இப்போது புது வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. கட்டுகிறவர்கள் கம்பி கட்டும் கட்டத்திலேயே எலக்ட்ரீஷியனிடம் இரண்டு விஷயம் சொல்லி வைக்கலாம். எல்லா சுவிட்ச் பெட்டிக்கும், மாடிப்படி இருவழி சுவிட்ச் உட்பட, ஒரு நியூட்ரல் கம்பி இழுத்துவிடச் சொல்லுங்கள். பெரும்பாலான ஸ்மார்ட் சுவிட்சுகளுக்கு அது வேண்டும், பிறகு சுவரை உடைத்து இழுப்பது பெரும்பாடு. தலையறைச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஒரு வட்டத் துளையும் ஒரு பாயிண்டும் விடச் சொல்லுங்கள். மேஸ்திரியிடம், கான்கிரீட்டுக்கு மேல் சுண்ணாம்புச் சல்லியா, வெப்பத்தடுப்புப் பலகையா, வெள்ளை டைல்ஸா என்று தளம் போடும் முன்பே பேசி, அதை எஸ்டிமேட்டில் எழுதி வாங்குங்கள். கடைசியில் பணம் இழுக்கும்போது முதலில் வெட்டுவது அந்த வரியைத்தான், அதை வெட்டவிடாதீர்கள்.